ஒரு முழம் தள்ளி நின்ற பேய்

கம்ப்யூட்டரில் விளையாடும்படி என் கணவர் எடுத்த பேய்ப் படத்தை ஒரு கல்லூரியில் திரையிடப் போவதாக மாணவர்கள் போன் செய்தார்கள். அன்று சாயந்திரமே அவர் போய்ப் புது வேட்டி வாங்கி வந்தார். எனக்கும் ஒரு சேலை. கூப்பிட்டது கௌரவிக்க அல்ல, சிரிக்க என்று எனக்குத் தெரியும். யாரோ அதை இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். ‘மகா மட்டம், கட்டாயம் பாருங்கள்’ என்று கீழே எழுதியிருந்ததை நான் படித்திருந்தேன். அவரிடம் சொல்லவில்லை. ஓர் அரங்கமே சிரிக்கும்போது அந்த முகம் எப்படிச் சுருங்குகிறது என்று ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் நானும் கிளம்பினேன்.

கம்ப்யூட்டர் வீடுகளுக்குள் வரத் தொடங்கிய காலத்தில் அவர் துடியலூரில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அப்போது வெளிநாட்டு சிடி ஒன்று கையில் கிடைத்தது. படம் ஓடும், நடுவில் நின்று, ‘கதவைத் திறக்கவா, மாடிக்கு ஓடவா?’ என்று கேட்கும். பார்ப்பவர் எதை அழுத்துகிறாரோ கதை அந்தப் பக்கம் போகும். நாமும் இப்படி எடுக்கலாம் என்று இவருக்குக் கிறுக்குப் பிடித்தது. வெள்ளகோவில் பக்கம் சொந்தக்காரர் ஒருவரின் மூடிக் கிடந்த பஞ்சு மில்தான் பேய் பங்களா. கதாநாயகிக்குச் சம்பளம் தர வேண்டாமே என்று என்னைப் போட்டார். பேய், அவருடைய அண்ணன்.

எனக்குக் கல்யாணமான புதிது. எங்கள் பக்கத்தில் கணவரின் அண்ணன் தன் தம்பியின் மனைவியை நேருக்கு நேர் பார்த்துப் பேசக்கூட மாட்டார். அவர் இருக்கும் இடத்தில் நான் உட்கார மாட்டேன். அப்படிப்பட்டவரிடம் போய் என் கழுத்தை நெரிக்கச் சொன்னார்கள். அவர் முகம் பூராவும் பவுடரை அப்பிக்கொண்டு வந்து, ஒரு முழம் தள்ளி நின்று, தரையைப் பார்த்தபடி காற்றை நெரித்தார். ‘உன்னை விடமாட்டேன்’ என்பது வசனம். “உங்கள உடமாட்டேனுங்க, அம்மணி” என்றார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

“கழுத்தப் புடிண்ணா!” என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து இவர் கத்தினார்.

“அதெப்படிப்பா? அம்மணியத் தொட்டுப்போட்டு நாளைக்குச் சொந்தபந்தத்துல எப்படி மூஞ்சி காட்றது?”

மறுபடியும் எடுத்தார்கள். மறுபடியும் காற்று, மறுபடியும் என் சிரிப்பு. இவர் கேமராவை விட்டுவிட்டு வந்தார். அத்தனை பேர் முன்னால் என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். “இப்பச் சிரி பாக்கலாம்” என்றார். போய்க் கேமராவை ஓடவிட்டார். பேய் கையை நீட்டியதும் நான் அலறினேன்.

அறை விழுந்தபோது அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். என்னைத் தொடக் கூடாது என்று தெரிந்த மனுஷனுக்கு, தம்பியின் கையைப் பிடிக்கலாம் என்று தெரியவில்லை. அந்த மரியாதையை அன்றைக்கே மனதுக்குள் காறித் துப்பினேன்.

சிடி விலைபோகவில்லை. “இவ மூஞ்சில பயமே வரல, எல்லாம் இவளாலதான் கெட்டுப்போச்சு” என்று இவர் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். இன்றுவரைக்கும் சொல்கிறார்.

கல்லூரியில் எங்களை முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். கதவா, மாடியா என்று பிள்ளைகள் கத்தினார்கள். கதவைத் திறந்தால் ரப்பர் பாம்பு கடித்துச் செத்தேன். மாடிக்கு ஓடினால் நாக்கைத் தள்ளிக்கொண்டு விழுந்து செத்தேன். ஒவ்வொரு சாவுக்கும் விசில். பேய் ‘உடமாட்டேனுங்க’ என்றதும் கூரை பிய்ந்துவிடும் போலச் சிரித்தார்கள். அடுத்து என் அலறல் வந்தது. அதற்கு மட்டும் யாரும் விசிலடிக்கவில்லை. பிறகு பழையபடி கூத்து.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். சுருங்கவே இல்லை. பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். “பாத்தியா, எப்படி ரசிக்கறாங்க!” என்றார். வெட்கம் என்ற ஒன்றை அந்த மனுஷனுக்கு வைத்துப் படைக்கவில்லை.

படம் முடிந்ததும் எங்கள் இருவரையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். இவர் மைக்கைப் பிடித்து, “இவ நடிப்பப் பாத்துத்தானுங்க சிரிச்சீங்க? நான் அப்பவே சொன்னேன்” என்றார். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஒரு பெண் எழுந்தாள். “அம்மா, மத்ததெல்லாம் காமெடிங்க. ஆனா பேய் கழுத்துக்கு வர்றப்ப ஒரு அலறு அலறுனீங்க பாருங்க, அது மட்டும் நெசமாவே பயமா இருந்துச்சு. அது எப்படிங்கம்மா நடிச்சீங்க?”

“அது நம்ம டைரக்சனுங்க” என்றார் இவர்.

நான் மைக்கை வாங்கினேன்.

“ஆமாங் கண்ணு, இவரு டைரக்சன்தான். கேமராவ ஓட்டறதுக்கு முன்னால என் கன்னத்துல ஓங்கி ஒண்ணு உட்டாரு. அதனாலதான் அப்படி வந்துச்சு.”

அரங்கம் அதிர்ந்தது. அன்றைக்கு எழுந்த சிரிப்பிலேயே பெரிய சிரிப்பு அதுதான். கேள்வி கேட்ட பெண்ணும் கைதட்டிச் சிரித்தாள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. முகம் சுருங்கிப் போயிருந்தது. நான் ஆசை தீரப் பார்த்தேன்.