மாமா என்று பதிந்தேன்

தெம்பனிஸ் அலுவலகத்தில் நான் பார்க்கும் வேலையை யாருக்கும் விளக்கிப் புரியவைத்ததில்லை. பிற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்துகிற நிரல் நூலகம் ஒன்றைக் கவனித்துக்கொள்கிறேன். எது எதோடு எப்படிச் சேர்ந்தது என்பதைச் சேமித்து வைப்பது அதன் வேலை. எல்லாம் மூன்றே சொல்: இவர், மகன், அவருக்கு. ஒருமுறை பெண் வீட்டாரிடம் இதை விளக்கினேன். காபியைக் குடித்துவிட்டுப் போனவர்கள்தான்.

எங்கள் பங்குத் தேவாலயத்தில் எல்லாக் குடும்பங்களையும் இணைத்து ஓர் உறவு வரைபடம் செய்துதர என்னைக் கேட்டார்கள். அதற்குப் பொறுப்பேற்ற பங்குக்கார அக்கா ஒருவர், ரத்த உறவும் கல்யாண உறவும் மட்டுந்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாமா என்றால் தாயின் சகோதரர் என்று விதி எழுதினேன். பிறகு என் பங்குக்கு, தேக்கா சந்தையில் காய்கறிக் கடை வைத்திருக்கும் பங்குக்காரர் ஒருவரை மாமா என்று பதிந்தேன். சின்ன வயதிலிருந்து அப்படித்தானே கூப்பிடுகிறேன்! விதி எழுதியவனுக்கே விதி மறந்துவிட்டது.

நூலகம் அதை அப்படியே நம்பியது. ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்த அம்மாவுக்கு ஒரு தம்பி வந்தார். அவர் வழியாக எனக்கு அத்தை, மச்சான் என்று கல்யாண மண்டபம் கொள்ளாத சொந்தம். பிழைதான், தெரியும். அம்மா இறந்தபின் நான் பூசைக்குப் போவதையே விட்டிருந்தேன். ஒரு வாரம் கடைப்பக்கம் போகாவிட்டால் ஏன் காணோம் என்று கேட்பவர் அந்தக் காய்கறிக் கடைக்காரர் ஒருவர்தான். திருத்த மனம் வரவில்லை.

அக்கா கண்டுபிடித்துவிட்டார். நேரில் கேட்டு உறுதிசெய்யச் சொன்னார். தேக்காவுக்குப் போய், உங்களை எனக்கு என்ன உறவு என்று போடுவது என்று கேட்டேன். வெண்டைக்காயை எடைபோட்டபடி, நிமிராமலே சொன்னார்.

"நமக்குள்ள உறவு ஏது தம்பி? தெரிஞ்சவர்னு போட்டுடு லா."

வழக்கம்போலக் கறிவேப்பிலையைச் சும்மா போட்டுக்கொடுத்தார். உள்ளதைத்தான் சொன்னார். பையை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

பாசிர் ரிஸ் வீட்டுக்கு வந்ததும் அந்தத் தொடர்பை நீக்கினேன். திரையில் பங்கு முழுதும் ஒரே வலையாகப் பின்னிக் கிடந்தது. ஓரத்தில் தனியாக இரண்டு புள்ளிகள், அம்மாவும் நானும். 'தெரிந்தவர்' என்ற உறவைச் சேர்க்க ஒரு வரி போதும். அக்காவோடு சண்டை போட்டாவது சேர்த்திருக்கலாம். ரோஷம் விடவில்லை.

அடுத்த வாரம் தேக்காவுக்குப் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. ஏன் காணோம் என்று போன் செய்வார் என எதிர்பார்த்திருந்தேன். பிறகுதான் உறைத்தது, அவரிடம் என் நம்பர் கிடையாது.