ரூமு வேற, ஊடு வேற

எங்கள் வீதிச் சங்கத் தலைவரை எனக்குப் பிடிக்காது. அவர் யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசமாட்டார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

வெளியூர் ஒன்றில் வெள்ளம் வந்த வருடம், ஊட்டுக்கு ஒரு படி அரிசி என்று எங்கள் வீதியில் வசூல் நடந்தது. சாக்கைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். வீதிக் கடைசியில் ஓடையை ஒட்டி, ஒரே கேட்டுக்குள் ஒன்பது அறைகள் வரிசையாக இருக்கின்றன. பனியன் கம்பெனி வேலைக்கு வடக்கிலிருந்து வந்த குடும்பங்கள். தலைவர் ஒவ்வொரு கதவையும் தட்டச் சொன்னார்.

"ஒண்ணு உடாதீங்க அம்மிணி. ஒவ்வொண்ணும் ஒரு ஊடுதானுங்க."

தட்டினேன். ஆறாவது அறைப் பெண்ணிடம் படி இல்லை. சொம்பில் குவித்துக் கொண்டுவந்து போட்டாள்.

அடுத்த மழைக்காலத்தில் அந்த ஓடையே பெருகியது. மேட்டில் இருக்கும் எங்கள் வாசல்படிகூட நனையவில்லை. அந்த அறைகளில் இடுப்பளவுத் தண்ணீர். அரிசி, அடுப்பு, பாய் எல்லாம் போயிற்று. ஆபரேஷனில் பிள்ளை பெற்று இரண்டு வாரம்கூட ஆகாத ஆறாவது அறைப் பெண், கைக்குழந்தையோடு மொட்டைமாடியில் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்திருந்தாள்.

சங்கக் கட்டடத்தில் நிவாரணப் பை கொடுத்தார்கள். அரிசி, பருப்பு, எண்ணெய். ஊட்டுக்கு ஒன்று. நனையாத வீட்டுக்காரியான நானும் வெட்கமில்லாமல் வரிசையில் நின்று வாங்கினேன். எனக்குப் பின்னால் அந்தப் பெண்ணின் கணவன் நின்றான்.

"உங்க கேட்டுக்குக் குடுத்தாச்சுங்களே தம்பி," என்றார் தலைவர். "மொத ரூம்காரர் வாங்கிட்டுப் போனாரு."

"ஒன்பது பேமிலி அண்ணா. பேபி இருக்கு."

"இருக்கட்டுங்க. கதவு நம்பர் ஒண்ணுதானுங்களே. ரூமு வேற, ஊடு வேறங்க."

அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் இருபது வருடம் குனிந்தே நின்று பழகிய கழுத்து என்னுடையது. தரையைப் பார்த்தபடியே சொன்னேன்:

"அரிசி வாங்கறப்ப அதெல்லாம் ஊடுன்னு சொன்னீங்க."

கூட்டத்தில் யாரோ, "அட, அம்மிணிக்குப் பேச வருதுங்களே!" என்றார்கள். சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. ஆனால் நகரவில்லை. என் பையை மேசைமேல் திருப்பி வைத்தேன்.

"ஒன்பது கதவையும் நாந்தானுங்க தட்டுனேன். நீங்க தட்டச் சொன்னீங்க."

தலைவர் சிரித்த முகம் மாறாமலே சொன்னார்: "அவ்வளவு அக்கறைன்னா மீதி எட்டு ரூமுக்கும் பை எடுத்துட்டுப் போங்க. நீங்களே சுமந்து குடுங்க. எங்க பசங்க அந்தச் சேத்துல எறங்க மாட்டாங்க."

இறங்கவும் இல்லை. முழங்கால் சேற்றில் நானும் அந்தத் தம்பியும் நடை நடையாகச் சுமந்தோம். என் வீதி ஆட்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பத்து வருடமாகப் பூ கொடுத்து வாங்கிக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரி கதவைச் சாத்திக்கொண்டாள். வாட்ஸ்அப் குழுவிலிருந்து அன்றைக்கே என்னை நீக்கிவிட்டார்கள். ஆறாவது அறைப் பை மாடிக்குப் போனது. அது போதும் எனக்கு.

போன மாதம் மறுபடியும் அரிசி வசூலுக்கு வந்தார்கள். ஒரு படி அளந்து வைத்திருந்தேன். என் கேட்டுக்கு வெளியே தலைவர் குரல் கேட்டது.

"இந்த ஊட்ட உட்டுடுங்க."

அளந்ததைத் திரும்பக் கொட்டிவிட்டு வீதிக் கடைசிவரை நடந்தேன். அவர்கள் கடைசி கேட்டுக்குள் போய் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஆறாவது கதவு திறந்தது. இடுப்பில் குழந்தையோடு அவள் வந்து நின்றாள்.

"ஊட்டுக்கு ஒரு படிங்க," என்றார் தலைவர்.

அவள் இங்கே கற்றுக்கொண்ட தமிழில், அவரைவிட மரியாதையாகச் சொன்னாள்:

"இது ஊடு இல்லீங்கண்ணா. ரூமுங்க."

கதவு சாத்திக்கொண்டது.