நாங்கள் ஏறாத வேன்

தொண்ணூறுகளின் நடுவில் கிழக்குத் தாம்பரத்தில் கூட்டுக் குடும்பமாக இருந்தோம். நான், என் கணவர், எங்கள் இரண்டு பெண்கள், கொழுந்தன், ஓர்ப்படி, அவர்களுடைய மகள், மாமனார் என்று எட்டுப் பேர். எல்லோரும் ஒன்றாகப் போய்வரலாம் என்றுதான் பழைய வேன் ஒன்றை வாங்கினோம். முதல் ஞாயிற்றுக்கிழமையே நெருக்கியடித்து ஏறி, படப்பையில் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்வந்தோம். திரும்பி வந்ததும் என் கணவர் முகம் விழுந்துவிட்டது. தனியாக ஓட்டிப் பார்த்தபோது சமர்த்தாக ஓடிய வண்டி, எங்களை ஏற்றிக்கொண்டதும் பெட்ரோலைத் தண்ணீராகக் குடித்திருந்தது.

அவர் கஞ்சர் இல்லை. புடவைக் கடையில் விலைச்சீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார். வண்டி சிரமப்படுவதுதான் அவருக்குத் தாங்கவில்லை. மேட்டில் அது இரண்டாவது கியரில் முனகினால் இவரும் கூடவே முனகுவார். அதனால் பாரத்தைக் குறைக்க ஆரம்பித்தார். முதலில் தரைவிரிப்பு போயிற்று. பிறகு தண்ணீர்க் கூஜா. அதன்பின் மேம்பாலம் வந்தால் கொழுந்தனும் நானும் இறங்கி நடக்க வேண்டும். அந்தப் பக்கம் வண்டி எங்களுக்காகக் காத்திருக்கும். பெட்ரோலும் பாரம்தானே என்று டேங்கை நிரப்புவதையும் நிறுத்திவிட்டார். போகிற தூரத்துக்கு மட்டும் போட்டுக்கொள்வார்.

இந்த நிலையில் அவருடைய அத்தை மகனுக்குச் செங்கல்பட்டில் கல்யாணம் வந்தது. முதல் நாள் ராத்திரி சாப்பிடும்போது அவர் நிதானமாகச் சொன்னார், நாங்கள் ஏழு பேரும் மின்சார ரயிலில் போய்விடுவதாம், அவர் வேனை எடுத்துக்கொண்டு வருவாராம். என் ஓர்ப்படி ரசக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நாங்க ட்ரெயின்ல போனா, வேன் எதுக்கு மாமா வருது?"

"வீட்லயே நிறுத்தி வெச்சா மைலேஜ் எப்படிம்மா தெரியும்?"

மாமனார் யோசித்துவிட்டு, அவன் சொல்வது சரிதான் என்றார்.

பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக ரயிலில் நின்றுகொண்டே போனோம். நாங்கள் டிபன் சாப்பிட்டு முடிக்கும்போது அவர் மண்டபத்துக்குள் வந்தார். அத்தனை சந்தோஷமாக அவரை நான் என் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. வண்டி பஞ்சு மாதிரி வந்தது என்று பந்தியில் பக்கத்தில் இருந்தவரிடமெல்லாம் சொன்னார்.

அதுதான் வினையாகிவிட்டது. சாப்பாடு முடிந்த நேரத்தில் சமையல்காரர்களின் டெம்போ ரிப்பேராகி நின்றுவிட்டது. அவர்களுக்குச் சேலையூரில் அன்றைக்கே இன்னொரு வேலை இருந்தது. அத்தை நேராக இவரிடம் வந்தாள்.

"வண்டி காலியாத்தானே போகுது? இவங்களைக் கொஞ்சம் ஏத்திக்கிட்டுப் போயேம்பா."

காலியாகப் போவதற்காகத்தான் வண்டி வந்திருக்கிறது என்பதை அத்தையிடம் எப்படிச் சொல்வது? இவர் வாயைத் திறந்தார். அதற்குள் அண்டா ஏறிவிட்டது. அடுத்து இட்லிக் கொப்பரை, வாணலிகள், கிரைண்டர், கடைசியாகச் சமையல் மாஸ்டரும் ஐந்து ஆட்களும். முன்சீட்டில் மாஸ்டர் மடியில் ஒரு வாளி வடை. வேனின் பின்பக்கம் தரையோடு உட்கார்ந்துவிட்டது. இவர் என்னைப் பார்த்த பார்வையில், நான்தான் ஏதோ செய்துவிட்ட மாதிரி இருந்தது.

நாங்கள் மறுபடி ரயில் ஏறினோம். தண்டவாளத்தை ஒட்டியே ஜி.எஸ்.டி. ரோடு வரும். பொத்தேரியில் ரயில் நின்றபோது என் சின்னப் பெண் ஜன்னல் வழியே கைகாட்டினாள். சாலையோரம் கல்லூரி மாணவர்கள் ஒரு கூட்டமாக எங்கள் வேனைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் கூடவே நடந்து, தள்ளுகிறவர்கள் வாயில் ஆளுக்கொரு வடையாக ஊட்டிக்கொண்டு போனார். காலி வண்டிக்கென்று போட்ட பெட்ரோல் அண்டாவுக்குப் போதவில்லை. கொழுந்தன் இறங்கப் போனான். ரயில் கிளம்பிவிட்டது.

அவர் இருட்டிய பிறகு வந்தார். சட்டையெல்லாம் சாம்பார் வாசனை. கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். அவரோ சிரித்துக்கொண்டே உட்கார்ந்து, மாஸ்டர் சொன்ன கதைகளை எங்களுக்குச் சொல்ல ஆரம்பித்தார். வழியெல்லாம் பேச்சாம். மைலேஜ் என்ன ஆயிற்று என்று மாமனார் கேட்டார். பாத்திரத்தோடு போனதெல்லாம் கணக்கில் சேராது என்றார் இவர்.

அடுத்த முகூர்த்தத்துக்கு மாஸ்டரே வீட்டுக்கு வந்து நின்றார். "சார், வண்டி சும்மாதானே கீது? மாடம்பாக்கம் வரிக்கும்தான்." இவர் மறுக்கவில்லை. அதற்கடுத்த முகூர்த்தத்துக்கும் மறுக்கவில்லை. அண்டா ஏறினால் வண்டி முனகாதா என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "அது வேலை செய்யற சத்தம்" என்றார். குடும்பமாக எங்கே போனாலும் நாங்கள் ரயில், பஸ் என்று பழகிக்கொண்டோம்.

அந்த வருஷக் கடைசியில், என்னோடு பள்ளியில் வேலை பார்த்த ஒரு டீச்சருடைய மகள் கல்யாணத்துக்குக் கீழ்க்கட்டளை போயிருந்தேன். பந்தியில் உட்கார்ந்து தலைகுனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பாயச வாளி ஒன்று என் இலைக்கு முன்னால் நின்றது. நிமிர்ந்தால் என் கணவர். வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் துண்டு.

"எப்படி வந்த?" என்றார்.

"பஸ்ல."

நல்லது என்பதுபோலத் தலையாட்டிவிட்டு, முந்திரி நிறைய விழும்படி கரண்டியை அடிவரை விட்டு எடுத்து ஊற்றினார்.