ஓரெழுத்துப் பிசகு

“T இருக்கிற இடத்துல எல்லாம் U-ன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க டீச்சர். எம்பிள்ளைக்கு மார்க் போச்சுன்னா யாரு பொறுப்பு?”

வீட்டில் உயிரியல் டியூஷன் எடுக்கும் சகோதரிகளே, பிள்ளைகளைச் சமாளித்துவிடலாம். இப்படி ஒரு தாயிடம் மாட்டியிருக்கிறீர்களா?

கேட்டுக்கு வெளியே

கேட்டவள் பரமேஸ். சுங்கை லாலாங்கிலிருந்து இளையவள் யாழினியை என்னிடம் கொண்டுவந்து விடுபவள். மூத்தவள் கௌசிக்கு மெர்கோங்கில் மாப்பிள்ளை அமைந்து, பரிசம் போட நாளும் பார்த்துவிட்ட மிதப்பு வேறு. உள்ளே வராமலே சண்டை. டிஎன்ஏ-வில் T, அதைப் பார்த்து எழுதும் ஆர்என்ஏ-வில் அந்த இடத்தில் U. பாடமே அதுதானம்மா என்றேன்.

“T-யா U-வான்னு கவர்மெண்டு இன்னும் முடிவு பண்ணலன்னு சொல்லுங்க லா!”

சட்னி போன இடம்

ஆர்என்ஏ எழுத்துகளை மூன்று மூன்றாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு மூன்றுக்கும் ஓர் அமினோ அமிலம். அவற்றைக் கோத்தால் புரதம். வகுப்பே கொட்டாவி விட்டது. எரிச்சலில் ‘அம்மாசட்னிகேட்டா’ என்று பலகையில் எழுதி, ‘ம்’மை அழித்து, மூன்று மூன்றாகப் பிரிக்கச் சொன்னேன். அமாச, ட்னிகே, ட்டா. ஓரெழுத்து போனால் பின்னால் வருவதெல்லாம் நாசம், புரிகிறதா? யாழினிக்குப் புரிந்தது இவ்வளவுதான்:

“அமாசை வந்திருச்சு டீச்சர், சட்னியத்தான் காணோம்!”

யார் பக்கத்துப் பிழை

கல்யாணத்துக்கு முந்திய ரத்தப் பரிசோதனையில் கௌசி தலசீமியா என்ற ரத்த நோயின் கேரியர் என்று வந்தது. அன்றைக்குப் பரமேஸ் உள்ளே வந்து உட்கார்ந்து அழுதாள். மாப்பிள்ளை வீடு பின்வாங்குகிறதாம்.

ரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபினும் ஒரு புரதம்தான்; அது சரியாக உருவாகாததுதான் தலசீமியா. கௌசிக்குக் கோளாறு இருக்கும் மரபணுவுக்கு இரண்டு பிரதி. அம்மா தந்தது ஒன்று, அப்பா தந்தது ஒன்று. ஒன்றில் எழுத்துப் பிழை. மற்றது நன்றாக இருப்பதால் அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். கட்டிக்கொள்பவனிடமும் அப்படியொரு பிழை இருந்தால்தான் பிறக்கும் பிள்ளைக்கு ஆபத்து. தொண்டை வறள இவ்வளவும் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அந்தப் பிழை எம்புருசன் பக்கந்தான் டீச்சர். எங்க வீட்டுல எல்லாரும் நல்லா எழுதுவோம்.”

சுத்தமான பரம்பரை

அவள் கெஞ்சியதால் மெர்கோங்குக்கு நானும் போனேன். மாப்பிள்ளை போனைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா குடிக்க மைலோ கொடுத்தார், கூடவே தீர்ப்பும். கெட்ட ரத்தம் வேண்டாமாம். பையனைப் பரிசோதித்தீர்களா என்றேன்.

“எங்க பரம்பரையே சுத்தம் டீச்சர். அவனுக்கு எதுக்கு டெஸ்ட்டு?”

ஏழு தலைமுறையையும் பாட்டிலில் பிடித்துப் பார்த்தவர் மாதிரி சொன்னார்.

மூன்று மூன்று எழுத்தாகப் பொறுமையாகக் கோத்து உடம்பு ஒரு மனுஷியை உண்டாக்குகிறது; ‘கெட்ட ரத்தம்’ என்று இரண்டே சொல்லில் இவர்கள் அவளை வேண்டாம் என்றுவிடுகிறார்கள். கிளம்பும்போது வாசலில் நின்று நான் கேட்டதற்கு இன்றுவரை பதில் போன்கூட வரவில்லை:

“சுத்தமாவே இருக்கட்டும்மா. நாளைக்குக் கிளினிக்குக்குத் தம்பிய ஒரு தடவ கூட்டிட்டுப் போய் டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுக்கச் சொல்லுங்களேன்.”