சவரிமுத்து ஐயா ஒட்டிய சீட்டு

செவ்வாய்க்கிழமை வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது எங்கள் தேவாலயத்தில் ஊழியம் செய்யும் கோயில்பிள்ளை பள்ளிக்கு வந்து, "டீச்சர், நம்ம சவரிமுத்து ஐயா பூட்டாரு" என்றார். கையிலிருந்த சாக்பீஸை எங்கே போட்டேன் என்று இன்னும் நினைவில்லை.

இராயபுரத்தில் எங்கள் கோயிலின் பின்னறையில், இந்த வட்டாரத்தின் பழைய ஏடுகளையும் படங்களையும் சேர்த்து வைத்திருக்கிறோம். ஞாயிறு பூசை முடிந்ததும் சம்பளமில்லாமல் அங்கே வேலை பார்த்தவர்கள் நானும் சவரிமுத்து ஐயாவும்தாம். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு அவர் வந்து சேர்ந்தார். கரையான் அரித்த தாள்களைப் பிரித்து, எழுத்தெழுத்தாகப் படியெடுப்பார். ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது போய்விடும். எனக்கோ பொறுமை என்பதே கிடையாது, கடிந்துகொள்வேன். "பேரு தப்பாப் பூடக் கூடாது டீச்சரம்மா" என்பார், அவ்வளவுதான்.

சென்ற ஆண்டு, மூடிப்போன ஒரு துறைமுகக் காண்டிராக்டர் அலுவலகத்தின் விபத்துப் பதிவேடு எங்களிடம் வந்தது. மூட்டைகள் சரிந்து இறந்தவர்களின் பட்டியலில் அவர் பேனா நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். இறந்தவராக அவர் பெயரே இருந்தது, அவர் தகப்பனார் பெயர், பக்கத்தில் ஒரு டோக்கன் எண்.

அன்றுதான் வாய் திறந்தார். வாலிபத்தில் துறைமுகத்தில் மூட்டை தூக்கியபோது, காய்ச்சலில் படுத்த ஒரு நாள், வேலை பறிபோய்விடுமோ என்று, கூலியாட்களை அடையாளம் காணத் தந்த தம் டோக்கனைச் சிநேகிதர் கன்னியப்பனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். அப்போது அது சகஜம். மேஸ்திரிகள் டோக்கனைப் பார்ப்பார்கள், முகத்தைப் பார்ப்பதில்லை. இறந்தது கன்னியப்பன். ஏட்டில் இறந்தது சவரிமுத்து. வெளியே சொன்னால், டோக்கன் மாற்றிக் கொடுத்த குற்றத்துக்குப் போலீஸில் பிடித்துக் கொடுப்பேன் என்று மேஸ்திரி மிரட்ட, இவர் எண்ணூருக்குப் போய்விட்டார். கன்னியப்பன் அன்று வேலைக்கே வரவில்லை என்று சொல்லி, அவர் மனைவி அஞ்சலையை அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு வந்ததே கோபம். இத்தனை வருடம் வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தீர்கள் என்று கேட்டுவிட்டேன். அப்படிக் கேட்ட நாக்கை இன்று நினைத்தால் எனக்கே வெறுப்பாக இருக்கிறது.

மறு ஞாயிறு, காசிமேட்டுக்குப் போய் அஞ்சலையம்மாவை அவரே அழைத்து வந்தார். வழியிலேயே எல்லாவற்றையும் சொல்லி அழுதிருக்கிறார். அந்த அம்மாவுக்கு டோக்கன் விஷயம் என்றோ தெரியும். அன்று அந்த அம்மா சொன்னதைத்தான் யாரும் நம்பவில்லை.

"உன்னைத் திட்டி இன்னா ஆவப்போவுது? அந்தாளு பேர எய்து, அண்ணாத்தே" என்றார் அந்த அம்மா.

பழைய ஏட்டில் நாங்கள் ஒரு புள்ளியும் மாற்றக் கூடாது. அதனால் ஒரு தனிச் சீட்டில், "இங்கே இறந்தவர் கன்னியப்பன். டோக்கனைக் கொடுத்த சவரிமுத்து நான், உயிரோடு இருக்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டு, அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒட்டினார். அஞ்சலையம்மா சாட்சியாகக் கைநாட்டு வைத்தார். பிறகு அதை வாசிக்கச் சொல்லி மூன்று முறை கேட்டார்.

நேற்று கல்லறைத் தோட்டத்தில், பங்குச் சாமியார் சவரிமுத்து ஐயாவின் பெயரைச் சொல்லிச் செபித்தார். எனக்கு அழுகை அடங்கவில்லை. பக்கத்தில் நின்ற அஞ்சலையம்மா ஒரு பிடி மண் எடுத்துக் குழிக்குள் இட்டார்.

"நீயாச்சும் உம் பேர்லயே போற, அண்ணாத்தே. போய்ட்டு வா."