அத்தைக்கு ஒரு மலை

என் அத்தை உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடந்தபடியே சாப்பிட்டு முடித்துவிடுவாள். "கால்ல சக்கரம் கட்டிட்டுப் பொறந்தவ" என்பார் மாமா. அந்தக் காலில்தான், வலது முட்டியில், ஆப்பரேஷனுக்குத் தேதி குறித்திருந்தார்கள். அதற்குப் பிறகு பனிச்சறுக்குப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இனி ஒரே ஒரு தடவைதான் அவள் பனியில் சறுக்க முடியும். எந்த மலையில் என்பதுதான் கேள்வி.

அத்தை பத்தொன்பது குளிர்காலமாக ஒரு பனிச்சறுக்குக் கடையின் நிலவறையில் வேலை பார்க்கிறாள். மேலே கவுண்டரில் ஆட்கள் ஸ்கீ பலகைகளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போவார்கள். திரும்பக் கொடுத்ததும் அவை படிக்கட்டு வழியாக அவள் மேசைக்கு இறங்கி வரும். விளிம்பை அரத்தால் ராவி, அடிப்பக்கத்தில் மெழுகை உருக்கி இஸ்திரிப்பெட்டியால் தேய்த்து, ஆறியதும் சுரண்டி எடுத்து மேலே அனுப்புவாள். அதற்கு முன்பு ஒரு சலவைக்கடையில் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். கோட்டு வாங்க வந்த ஸ்கீ கடைக்காரர் அவள் கையைப் பார்த்துவிட்டு, "துணிய விட்டுட்டுப் பலகைக்கு வர்றீங்களா?" என்று கேட்டாராம். "சறுக்கிப் பாக்காம எப்படித் தேய்க்கறது?" என்று முதல் வருடமே அவளும் சறுக்கக் கற்றுக்கொண்டாள். அப்போது அவளுக்கு வயது முப்பத்து மூன்று. விழுந்து விழுந்து கற்றதில் போனதுதான் இந்த முட்டி என்பது மாமாவின் கட்சி.

பனி நன்றாக இருக்கும்போது கடையில் லீவு கிடைக்காது. கடை மூடும்போது பனி இருக்காது. நடுவில், வசந்தம் முடியும் சமயத்தில், நான்கு நாள் இடுக்கு ஒன்று அகப்படும். அதற்குள் எந்த மலைக்குப் போவது என்று அத்தை யோசிக்க ஆரம்பித்துவிட்டால் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. போன வருடம் யோசித்து முடிப்பதற்குள் எல்லா மலையும் பச்சையாகிவிட்டது. அந்த நான்கு நாளும் சமையலறைக்குப் பெயின்ட் அடித்தாள். இரண்டு தடவை, இரண்டு நிறத்தில்.

இந்த வருடம் செவ்வாய் முதல் வெள்ளி வரை லீவு. அடுத்த புதன்கிழமை ஆப்பரேஷன். நான் பள்ளி முடித்து, ரிசல்ட்டுக்குக் காத்துக்கொண்டு அவர்கள் வீட்டில் இருந்தேன். எனக்கும் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாத நேரம் அது. அதனால் இரண்டு வாரம் அத்தையோடு சேர்ந்து நானும் மலை தேடினேன்.

மூன்று இடம் பேச்சில் இருந்தன. ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய கிட்டத்து மலை. நாலு மணி நேரத் தொலைவில் ஒரு கணவாய். ரயிலில் ஒரு முழுப் பகல் போனால் வருடம் பூராவும் பனி கிடக்கிற பனியாறு.

"கிட்டத்து மலைக்கே போயிடலாம்" என்றார் மாமா. அவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். நேரத்துக்குக் கிளம்பி நேரத்துக்குத் திரும்புவது அவருக்குப் பிடிக்கும்.

"அங்கேர்ந்து நேத்து வந்த பலகையப் பாத்தீங்களா? பூனை பிராண்டின மாதிரி இருக்கு. பூரா கல்லு."

"அப்ப பனியாறு."

"போக ஒரு நாள், வர ஒரு நாள். நடுவுல காத்தடிச்சா மேல ஏத்திவிடற லிஃப்ட நிறுத்திடுவான். ரயில் சீட்டுல ரெண்டு நாள் உக்காந்துட்டு வரவா?"

"உன்னை உக்கார வெக்க ரயிலாலயும் முடியாது" என்று மாமா துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

ஒவ்வொரு மலையிலும் ஒரு கேமரா இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு படம் போனில் வரும். பல் தேய்க்கும்போதும் அத்தை அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் நம்பவில்லை.

"பனி நல்லா இருக்கற மூலையாப் பாத்துத்தான் கேமராவ மாட்டுவான். ஆளுங்களையும் கேக்காத. அவ்வளவு செலவு பண்ணிப் போயிட்டு வந்தவன் எவனாவது நல்லா இல்லன்னு சொல்லுவானா? பலகைதான் உள்ளத உள்ளபடி சொல்லும்."

லீவு தொடங்குவதற்கு முந்தைய நாள் என்னை நிலவறைக்குக் கூட்டிப் போனாள். மெழுகு வாசனை மூக்கில் ஏறியது. திரும்பி வந்த பலகைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக் காட்டினாள். மஞ்சளாக மகரந்தப் பொடி ஒட்டியிருந்தால் மரங்கள் பூத்துவிட்டன. கறுப்புப் பசை இருந்தால் பனி பழசு, அழுக்கு. நீளவாக்கில் கீறல் இருந்தால் தரை தெரிகிறது. எனக்கு வெறும் அழுக்காகத் தெரிந்ததெல்லாம் அவளுக்குச் செய்தியாக இருந்தது.

அப்போது ஒரு ஜோடி வந்தது. கணவாயில் இருக்கும் ஒரு விடுதியின் அட்டை அதில் தொங்கியது. அத்தை அதைக் கவிழ்த்து விரலால் தடவினாள். மறுபடியும் தடவினாள்.

"பாருடி. விளிம்புல நான் வெச்ச கூர் அப்படியே இருக்கு. ஒரு கீறல் கிடையாது. மெழுகு கூடக் கலையல. இது காஞ்ச பனி. புதுசு."

மேலேயிருந்து கவுண்டர்காரர் குரல் கொடுத்தார். "பல் டாக்டரோடது அது. இன்னும் வாசல்லதான் நிக்கறார், கூப்பிடவா?"

"எதுக்கு? அவர் பல்லப் பாக்கட்டும், நான் பலகையப் பாத்துக்கறேன்."

அந்த நிமிடமே அட்டையில் இருந்த எண்ணுக்குப் போன் செய்து அறை சொல்லிவிட்டாள். இரண்டு வாரம் முடியாதது இரண்டு நிமிடத்தில் முடிந்ததில் எனக்கும் தலைகால் புரியவில்லை.

செவ்வாய்க்கிழமை கணவாயில் நாங்கள் மூன்று பேரும் இறங்கியபோது மழை பெய்துகொண்டிருந்தது. விடுதிக்கு எதிரே இருந்த சரிவில் புல் முளைத்திருந்தது. விடுதிக்கார அம்மா எங்கள் பலகைகளைப் பார்த்துவிட்டு, "இதையெல்லாமா தூக்கிட்டு வந்தீங்க?" என்றார். "போன வாரமும் இதே மழைதாங்க. ஒரு பல் டாக்டர் குடும்பம் வந்து நாலு நாளும் சீட்டாடிட்டுப் போச்சு. கொண்டுவந்த பலகைய உறையிலேர்ந்து வெளியவே எடுக்கல."

மாமா கூரையைப் பார்த்தார். சிரித்தால் வீட்டுக்குப் போக முடியாது என்று அவருக்குத் தெரியும்.

அத்தை தன் பலகை ஒன்றைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைத் தடவினாள். பிறகு என்னிடம், "பலகை சரியாத்தான் சொல்லிச்சு. மெழுகே கலையலன்னா எங்கயும் போகலன்னு அர்த்தம். சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். எனக்குப் போகணும்னு இருந்துச்சு, அதான் கண்ணு அவிஞ்சுபோச்சு" என்றாள்.

மறுநாளும் மழை விடவில்லை. அத்தை பேருந்து நேரப் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு அறைக்குள் நடந்தாள். இங்கிருந்து பனியாற்றுக்கு எட்டு மணி நேரம். போனால் திரும்ப நாள் போதாது. லிஃப்ட் நிலையத்தில் கம்பி வடத்தைக் கழற்றிக்கொண்டிருந்த ஆளிடம் போய் விசாரித்தாள்.

"மலைக்கு அந்தப் பக்கம், வெயில் படாத பள்ளத்துல கொஞ்சம் பனி கிடக்கு. லிஃப்ட் கிடையாது. நடந்து போகணும். முட்டி நல்லா இருந்தா ஒரு மணி நேரம்."

"நல்லா இல்லைன்னா?"

"நல்லா இல்லைன்னா எதுக்குப் போறீங்க?"

வியாழக்கிழமை வானம் வெளுத்தது. "நடக்கலாம்" என்றாள் அத்தை. மாமா பலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டார். நான் பூட்ஸைத் தூக்கிக்கொண்டேன். அத்தை சறுக்குக் கோல்கள் இரண்டையும் ஊன்றி முன்னால் போனாள்.

"இருபத்தேழு வருஷம் பஸ் ஓட்டறேன். என்னை நடக்க வெச்ச ஒரே ஆள் நீதான்" என்றார் மாமா.

"பேசினா மூச்சு வாங்கும்."

ஒரு மணி நேரம் என்று சொன்னது எங்களுக்கு இரண்டேகால் ஆனது. பள்ளத்தின் மேல் விளிம்பில் நின்று பார்த்தபோது காலடியிலிருந்து கீழே வரை ஒரு பட்டை அளவுக்குத்தான் வெள்ளை இருந்தது. பனி கல் உப்பு மாதிரி மணல்மணலாக இருந்தது. அத்தை அதை உள்ளங்கையில் எடுத்துக் கசக்கிப் பார்த்தாள், பூட்ஸையும் பலகையையும் மாட்டினாள், இறங்கிவிட்டாள். இடது பக்கம் வளையும்போது வலது காலில் பாரம் விழுந்து உடம்பு ஆடியது. வலது பக்கம் வளையும்போது அவள் வேறு ஆளாக இருந்தாள். வீட்டில் நடக்கிற நடை அதில் இல்லை. எங்கேயும் அவசரம் தெரியவில்லை.

பாதை வழியே நாங்கள் கீழே போய்ச் சேர்ந்தபோது மாமா கடிகாரத்தைக் காட்டினார். "ஒன்றரை நிமிஷம். இதுக்கு ரெண்டேகால் மணி நேரம் ஏறியிருக்கோம்."

"இன்னொரு தடவை" என்றாள் அத்தை.

"முட்டி வீங்கியிருக்கு அத்தை" என்றேன்.

"புதன்கிழமை எப்படியும் அறுக்கப் போறாங்க. அதுவரைக்கும் பத்திரமா வெச்சிருந்து யாருக்குக் குடுக்கப் போறேன்?"

மாமா பலகைகளை மறுபடியும் தோளில் ஏற்றினார்.

பாதி ஏறியதும் முட்டி நின்றுவிட்டது. அத்தை ஒரு பாறையில் சாய்ந்து மேல் விளிம்பைப் பார்த்தாள், கீழே பார்த்தாள், மறுபடி மேலே பார்த்தாள். இன்னொரு இரண்டு வாரம் ஆரம்பிக்கிறது என்று நான் நினைத்தேன்.

"இங்கேர்ந்தே" என்று பூட்ஸுக்குக் கை நீட்டினாள்.

இந்தத் தடவை எவ்வளவு நேரம் என்று மாமா பார்க்கவில்லை. நாங்கள் பாதையில் பாதி தூரம்கூட இறங்கியிருக்க மாட்டோம். கீழேயிருந்து குரல் வந்தது. ஒரு பூட்ஸைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"மூணரை மணிக்கு ஊருக்கு ஒரு பஸ் இருக்கு. சீக்கிரம் வாங்க."

"அறை நாளைக்கு வரைக்கும் நம்மளோடதுதான்" என்று மாமா மேலேயிருந்து சத்தம் போட்டார்.

"நீங்க வேணா இருந்துட்டு வாங்க" என்று அத்தை அடுத்த பூட்ஸின் கொக்கியைத் தட்டிவிட்டாள்.