யார் மேலும் வராத ஆசை

மருத்துவமனையின் அடித்தளத்தில் சலவை அறை. அங்கே படுக்கை விரிப்பை ஒரே ஆளாக மடிக்க முடியாது. இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து நடுவில் கை சேர்க்க வேண்டும். பன்னிரண்டு வருடமாக ஒரு முனையில் அவள், மறுமுனையில் நெட்டை. உயரத்தைப் பார்த்து வைத்த பெயர். அவளை எல்லோரும் மடிப்பக்கா என்பார்கள்.

ஆட்களை மாற்றிப் போடப் போகிறார்கள் என்று பேச்சு வந்ததும் அவள் சூப்பர்வைசரிடம் நேரே போய், நெட்டையைத் தன்னோடே விடும்படி கேட்டுவிட்டாள். துணியைச் சமமாக இழுப்பார், வேலைக்கு நடுவே சிரிக்க வைப்பார்; அவளுக்கு அவ்வளவுதான் கணக்கு. அறையே அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. நெட்டையும்தான். ஞாயிற்றுக்கிழமை, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, அவளும் அவள் சொந்த அக்காவும் குடியிருக்கும் வீட்டுக்கே வந்து பெண் கேட்டுவிட்டார்.

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. நாற்பத்திரண்டு வயதில் தங்கைக்கு வழி பிறந்ததே என்று பூரித்துப்போனாள். தங்கையோ இரண்டு நாள் தவணை கேட்டாள்.

அந்த இரண்டு நாளும் ஆண்டவனிடம் மனம்விட்டுப் பேசினாள். தோழிகள் யாரையோ நினைத்து உருகிய வயதில், தனக்கும் வரும் என்று காத்திருந்தவள்தான். வரவே இல்லை. பாசம் உண்டு, அடுத்தவர் வலி பொறுக்காத மனம் உண்டு. அந்த ஒன்று மட்டும் யார் மேலும் இல்லை. இப்படியும் மனிதர்கள் உண்டு, இது நோயல்ல என்று மேல்மாடி நர்ஸ் ஒருமுறை சொல்லி, அதற்கொரு பெயரும் சொன்னாள். பெயர் மறந்துபோயிற்று, பாரம் இறங்கியது மறக்கவில்லை. படைத்தவன் கைமறதியாக எதையும் விட்டுவிடுகிறவன் அல்லவே.

"நல்ல மனுஷன்டி. கட்டிக்கிட்டா ஆசை தானா வரும்," என்றாள் அக்கா.

"வராதுக்கா. வந்த மாதிரி நடிச்சா, அந்த நல்ல மனுஷனத்தான் ஏமாத்துவேன்."

செவ்வாய்க்கிழமை, முதல் விரிப்பை எடுக்கும் முன்பே நெட்டையிடம் முடியாது என்று சொல்லிவிட்டாள். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"வேற யாராச்சும் இருக்காங்களா?"

"யாரும் இல்ல. யாரும் வரப்போறதும் இல்ல. உங்க சிநேகம் வேணும், கல்யாணம் வேண்டாம்."

அவர் தலையாட்டிவிட்டு, சூப்பர்வைசரிடம் இடமாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு இஸ்திரி மெஷின் பக்கம் போய்விட்டார். அவளுக்கு எதிரே புதிதாக ஒருத்தி வந்தாள்; மடிப்பெல்லாம் கோணல். வருத்தப்பட அவருக்கு உரிமை உண்டு என்று மூன்று நாள் பொறுத்தாள். நான்காம் நாள் சாப்பாட்டு வேளையில் டப்பாவை எடுத்துக்கொண்டு அவர் பெஞ்சுக்குப் போனாள். சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இங்க உட்காரலாமா, நெட்டையாரே?"

"மனசு இன்னும் சரியாகல," என்றார், நிமிராமல்.

"மெதுவா ஆகட்டும். நான் தினமும் வருவேன்."

அவர் சற்று நகர்ந்து இடம் விட்டார். அவள் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள்.